கடல் கடந்த கணக்குப் பாடம்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, மணிலாக்கொட்டை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவர், நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "ஹஜ்ரத், பையனுக்கு இங்கிலாந்துல இடம் கெடச்சிருக்கு. பொருளாதாரமும் ஃபைனான்ஸும் படிக்கணுமாம். இருக்கிற ரெண்டு காணியையும் வித்தாத்தான் ஆவும். இல்லன்னா பேங்குல வட்டிக்கு வாங்கணும். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். பையன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை.

வட்டிக் கடனைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை அவரிடம் தனியே பேசினோம். அது இக்கட்டுரைக்கு உரியதன்று. ஆனால் கடல் கடந்து சென்று பொருளியலும் நிதியியலும் பயின்ற நம் நாட்டவர் எதைக் கொண்டு சென்றனர், எதைக் கொண்டு வந்தனர் என்ற வினா அன்று முதல் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகின்றோம்.

செஞ்சியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் பெரிய களஞ்சியத்தைப் பார்க்கும் எவரும், கோட்டையைக் காத்தது வாள் மட்டுமன்று, நெற்கணக்கும்தான் என்பதை உணர்வர். தேசிங்குராசன் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், அந்த இளவரசனின் வீரத்தையும், மணக்கோலத்திலிருந்து எழுந்து தோழனுக்காகப் போர்க்களம் புகுந்த மகபத்கானின் நட்பையும் எண்ணி உருகுகின்றோம். ஆனால் 1714ஆம் ஆண்டுப் போரின் வேரைத் தோண்டினால் அகப்படுவது கப்பப் பாக்கிதான். தந்தை சொரூப்சிங் செலுத்தாது விட்ட தொகையை ஆர்க்காட்டு நவாப் சஅதத்துல்லாகான் மகனிடம் கேட்டார், மகன் மறுத்தான். தெருக்கூத்துக்காரர் இந்தப் பாக்கிக் கணக்கைப் பெரிதாகப் பாடுவதில்லை. கணக்கைப் பாடினால் யார் கேட்பார்?

இன்னொரு கணக்கும் இவ்வூருக்கு உண்டு. முகலாயர் படை சூழ்ந்து நிற்க, செஞ்சிக் கோட்டையினுள் மராத்திய மன்னர் ராஜாராம் இருந்த காலத்தில், 1690ஆம் ஆண்டு, ஆங்கிலக் கும்பெனியார் அவரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். அக்கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையிலான நிலம் முழுதும் அவர்களுக்கே என்பது பேச்சு. கடலூருக்கு அருகில் குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர்ப்பெயர் வழங்குவது அதனால்தான் என்பர். அந்த வாணிகம் நடந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். சென்னையில் பெரும் பொருள் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பிய அவர், 1718இல் அமெரிக்காவில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்குச் சரக்கு மூட்டைகளும் நூல்களும் அனுப்பினார். சரக்கு விற்ற வகையில் 562 பவுன் கிடைத்தது. நன்றி மறவாத அக்கல்லூரியார் அவர் பெயரையே சூட்டிக்கொண்டனர். இன்று உலகெங்குமிருந்து மாணவர் இடம் வேண்டித் தவம் கிடக்கும் யேல் பல்கலைக் கழகம் அதுவே. நம் கரையில் ஈட்டிய பொருள் அங்கே கல்விக்கூடமாயிற்று. அங்கே படிக்க நம் பிள்ளைகள் இங்கே காணியை விற்கிறார்கள். இதை மனக்கசப்புடன் கூறவில்லை. கணக்கு என்று வந்தால் வரவையும் செலவையும் இரண்டையும் எழுதத்தானே வேண்டும்.

கல்விக்காகப் பயணம் செய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சீனம் சென்றேனும் கல்வி தேடுமாறு ஏவும் பிரபலமான மொழியை மேடைதோறும் கேட்கிறோம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதன் தொடரைப் பலவீனமானது எனக் கூறியுள்ளனர் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். ஒரே ஒரு நபிமொழியை நேரிற் கேட்க ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் ஒட்டகத்தில் பயணம் செய்து ஷாம் நாட்டுக்குச் சென்றதற்குச் சான்று உண்டு. அந்தப் பயணத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கேட்க வேண்டியது இன்னதென்று தெரிந்து சென்றார்.

பொருளியலைப் பொறுத்தவரை முதலில் பயணம் செய்து வந்தவர் நம்மவரல்லர், ஆங்கிலேயர் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்க்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இலண்டன் புத்தகங்களை ஒப்புவிப்பதோடு அவர் நிற்கவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரிடம் வினாப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் ஊரில் நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதி வாருங்கள் என்று பணித்தார். அவ்வாறு எழுதப்பட்ட ஊர்களுள் ஒன்று அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த, இன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு. 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய அவர் நூலில் அவ்வூர் இடம் பெற்றது. பின்னர் 1936, 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளை ஒட்டி ஆய்வாளர் மீண்டும் மீண்டும் அதே ஊருக்குச் சென்று கணக்கெடுத்தனர். ஒரு சிற்றூரின் பண்ணையும் கூலியும் நிலமும் நூறாண்டுக் காலத்தில் எவ்வாறு மாறின என்பதை அறிய உலகின் பல பல்கலைக் கழகங்களிலும் இருவேல்பட்டைப் படிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?

சென்னையில் இது நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கப்பலேறியவருள் முதலில் குறிப்பிட வேண்டியவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்த அவர், அரசாங்க நிதியியலில் உலகப் புகழ் பெற்ற செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பயின்றார். பிறகு இலண்டன் பொருளியல் பள்ளி. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு வர நேர்ந்தது. பரோடாவில் பதவி கிடைத்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. கொலம்பியாவின் பட்டம் சாதியின் கதவைத் திறக்கவில்லை. சம்பளத்தில் சேமித்தும், கோலாப்பூர் மன்னரின் உதவி பெற்றும், நண்பரிடம் கடன் வாங்கியும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, ரூபாய்ச் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்கு அங்கே வழிகாட்டியாக இருந்தவர் எட்வின் கேனன். செலிக்மன், கேனன் என்ற இவ்விரு ஆசிரியர் பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மதரஸாவில் ஓதிய நமக்கு, ஆசிரியர் தொடரைக் கேட்டறியாமல் ஒரு கல்வியையும் ஏற்கும் வழக்கம் இல்லை.

அதே செலிக்மனிடம் சில ஆண்டுகளுக்குப் பின் பயின்றவர் தமிழர். 1892இல் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்றால் பலருக்குத் தெரியாது; ஜே. சி. குமரப்பா என்றால் தெரியும். அவர் முதலில் இலண்டனில் கணக்காயர் கல்வி பயின்று தேர்ந்தார். 1919இல் பம்பாய் திரும்பிக் கணக்குத் தணிக்கைத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் மேனாட்டுப் பழக்கமும் நல்ல வருமானமும் உடையவராய் இருந்தார். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக் கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, பின் கொலம்பியாவை அடைந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வந்தது. அதைக் கண்ட செலிக்மன், இதையே உமது ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் என்றார்.

குமரப்பா மனம் மாறிய இடம் அதுவே என்பது நம் கருத்து. பலரும் அவர் காந்தியடிகளைச் சந்தித்ததைத்தான் பெரிதாக எழுதுகின்றனர். ஆனால் அதற்கு முன்பே, கொலம்பியாவின் நூலகத்தில் இந்திய அரசின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டியபோதே அவருடைய பழைய மனிதர் கரைந்துவிட்டார். தணிக்கையாளர் கண் அது. ஏழையிடம் வாங்கிய வரி படைக்கும், பொதுக் கடனுக்கும், பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போகிறது. வரி கொடுத்தவனுக்குத் திரும்புவது சொற்பம் என்று கணக்குக் காட்டிற்று. ஒரு வியாபாரக் கம்பெனி இப்படிக் கணக்கு வைத்திருந்தால் அவர் கையெழுத்திட்டிருக்கமாட்டார். ஹாரூன் அல்-ரஷீது கலீபாவுக்காகக் கிதாபுல் கராஜ் எழுதிய இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள், வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதைக் கண்டித்துக் கலீபாவிடமே எழுதியதை இங்கு நாம் நினைக்கிறோம். அரசிறையைப் பற்றிய கல்வி, அரசனுக்குப் பிடிக்காத கல்வியாகவே எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

1929 மே 9ஆம் நாள், ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குமரப்பா சபர்மதி ஆசிரமம் சென்றார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு, சந்திப்புக்குக் குறித்த நேரம் வரவில்லை என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் காந்தியடிகள் அவரே என அறிந்தார். தம் மேனாட்டு உடையுடனேயே தரையில் அமர்ந்தார். ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடர்ந்து வெளியாயிற்று. உடனே காந்தியடிகள் தந்த வேலை என்ன தெரியுமா? குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று குடும்பக் கணக்கு எடுப்பது. குஜராத் வித்தியாபீடத்து மாணவரைக் கூட்டிக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில், உழவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விதை எவ்வளவு, எரு எவ்வளவு, நிலவரி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அந்தக் கொலம்பியாப் பட்டதாரி எழுதினார். ஸ்லேட்டர் சென்னை மாணவரிடம் தொடங்கிய பாடத்தின் நடை இதிலும் இருந்தது. ஆனால் இங்கே கணக்கு எடுத்தவர் அரசிடம் பதில் கேட்க எடுத்தார்.

1931இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவைக் கூட்டி நடத்தியவரும் அவரே. 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கைக் காத்தபோது, காந்தியடிகளின் குழுவினர் வந்து தங்கும் செலவை அந்நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகள் வருந்தவில்லை, மகிழ்ந்தார். நம் ஜமாஅத் பொதுப்பணத்தைக் கையாளும் அன்பர்கள் இப்பத்தியை இருமுறை படித்தால் நாம் தடுக்கமாட்டோம்.

இனி டாக்டர் ஜாகிர் ஹுஸைன் அவர்கள். 1897 பிப்ரவரி 8இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். அலிகர் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1920இல் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று வெளியேறி, ஜாமிஆ மில்லிய்யா தோன்றக் காரணமானோருள் ஒருவரானார். 1922இல் ஜெர்மனி சென்று பெர்லின் பல்கலைக் கழகத்தில், முதலாளித்துவத்தின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற வெர்னர் சோம்பார்ட்டிடம் பொருளியல் பயின்றார். இலண்டனை விட்டு அவர் ஏன் பெர்லின் சென்றார்? ஆளும் நாட்டின் பொருளியலை ஆளும் நாட்டிலேயே கற்பதில் அந்தத் தலைமுறைக்கு இருந்த மனத்தடையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

அவர் பெர்லினில் வாழ்ந்த 1923ஆம் ஆண்டு, நிதியியல் மாணவர் யாரும் மறக்க முடியாத ஆண்டு. அவ்வாண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம் கோடி மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று. காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்கும் போதவில்லை. ஆயுட்காலச் சேமிப்புகள் காகிதமாயின. வெளிநாட்டுப் பணம் வைத்திருந்த மாணவருக்கோ வாழ்க்கை மலிவாயிற்று. நாணயத்தின் மதிப்பு என்பது நம்பிக்கையன்றி வேறில்லை என்ற பாடத்தை வகுப்பறைக்கு வெளியே தெருவே நடத்தியது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஜெர்மனியின் நாணயமன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் நிலவுடைமை அமைப்பு. ஜெர்மன் மொழியில் அதை எழுதி 1926இல் டாக்டரானார். இடையே பெர்லின் காவியானி அச்சகத்தில் காலிபின் கவிதைத் தொகுப்பை அழகுற அச்சிட்டுக் கொண்டுவந்ததையும் சொல்லாமல் விட முடியாது. பொருளியல் மாணவன் அச்சுக்கோப்பதில் அமர்ந்தான் என்றால், அவன் கல்வி எத்தகையது என்பது விளங்கும். பொருளியலைத் தாய்மொழியில் தர வேண்டும் என்ற வேட்கை அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. எட்வின் கேனனின் பொருளியல் பாடநூலை உருதுவில் பெயர்த்தவர் அவர். ஆம், அம்பேத்கருக்கு வழிகாட்டிய அதே கேனன். பின்னர் ஃப்ரீட்ரிக் லிஸ்ட் எழுதிய தேசியப் பொருளியல் நூலையும் உருதுவாக்கினார். வலிமை பெறாத நாட்டின் தொழில்களை, வலிமை பெற்ற நாட்டின் தடையற்ற வாணிகம் அழித்துவிடும் என்று ஆங்கிலேயரை மறுத்து வாதாடியவர் லிஸ்ட். எதைப் பெயர்ப்பது என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

அவர் பெர்லினில் இருக்கையிலேயே இங்கே ஜாமிஆ சாகக் கிடந்தது. 1924இல் துருக்கியர் கிலாபத்தை நீக்கியதும் கிலாபத் இயக்கத்தின் பணம் வற்றிவிட்டது. அலிகரிலிருந்து 1925இல் டில்லி கரோல்பாகுக்கு வந்தும் மூடிவிடலாம் என்றே பலர் நினைத்தனர். நாங்கள் வருகிறோம், மூடவேண்டாம் என்று ஜாகிர் ஹுஸைன், முஜீப், ஆபித் ஹுஸைன் ஆகிய மூவரும் பெர்லினிலிருந்து உறுதி கூறினர். 1926இல் மூவரும் வந்தனர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் ஹுஸைன் துணைவேந்தரானார். 1928இல் ஆசிரியர் குழு ஒன்று, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபது ஆண்டுகள் பணிபுரிவதாக உறுதிமொழி செய்துகொண்டது. பல மாதங்களில் அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பெர்லின் டாக்டர் பட்டத்துக்கு வெளியே கிடைத்திருக்கக்கூடிய ஊதியத்தை நிதியியல் கற்றவர் கணக்கிட்டுப் பாராமலா இருந்திருப்பார்?

கொலம்பியாவில் பயின்ற தமிழரும் பெர்லினில் பயின்ற பட்டாணியரும் 1937 அக்டோபரில் வார்தாவில் ஒரே பந்தலில் அமர்ந்தனர். கைத்தொழில் வழியே கல்வி, மாணவர் செய்த பொருளை விற்று ஆசிரியர் ஊதியம் என்பது காந்தியடிகளின் திட்டம். எல்லாரும் தலையசைத்த அவையில் எழுந்து ஐயம் எழுப்பியவர் ஜாகிர் ஹுஸைன். தன்னிறைவை அளவுக்கு மீறி வற்புறுத்தினால் ஆசிரியர், பிள்ளைகளை வேலை வாங்கும் கங்காணி ஆகிவிடுவார் என்று எச்சரித்தார். காந்தியடிகள் என்ன செய்தார்? ஐயம் எழுப்பியவரையே குழுத் தலைவராக்கினார். குமரப்பா அக்குழுவில் உறுப்பினர். இலண்டனில் பொருளியல் பயின்ற கே. டி. ஷாவும் உறுப்பினர், கூட்டுநராக இருந்த ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். டிசம்பர் 2ஆம் நாள் அறிக்கை தரப்பட்டது. பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கையை அறிக்கையிலேயே எழுதிவைத்தனர். முஸ்லிம் லீக் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. அவ்வெதிர்ப்பின் சூடு ஜாகிர் ஹுஸைன் மீதும் பட்டது. ஆதாரக் கல்வி பின்னாளில் தேய்ந்து மறைந்ததற்குக் காரணங்கள் பல. நம் தந்தையார் தலைமுறையினர் பள்ளியில் தக்ளி சுற்றியதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

குமரப்பாவின் எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்பதில்லை. ஆலையில் விளைவது எதையும் ஐயத்துடன் நோக்கும் அவர் கடுமை சில இடங்களில் எல்லை கடந்துவிட்டது. 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் அவர் நெடுநாள் இருக்கவில்லை. ஆயினும், பூமியின் செல்வத்தை எடுத்துத் தீர்க்கும் பொருளாதாரம் நிலைக்காது என்று ஜபல்பூர்ச் சிறையில் இருந்து எழுதி 1945இல் வெளியிட்ட அவரது நூலை இன்று மேனாட்டார் தேடிப் படிக்கின்றனர். இறுதிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30இல் காலமானார். ஜாகிர் ஹுஸைன் 1967இல் குடியரசுத் தலைவராகி, 1969 மே 3இல் பதவியிலிருக்கும்போதே மறைந்து, ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கமானார். இருவருள் எவரும் நிதியமைச்சர் ஆகவில்லை.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் கூறிவிட்டு, "தம்பி, நீ அங்கே எதை ஆராயப் போகிறாய்?" என்று கேட்டோம். "தெரியல ஹஜ்ரத்" என்றான். அம்பேத்கர் ரூபாயின் சிக்கலையும், குமரப்பா வரியின் சிக்கலையும், ஜாகிர் ஹுஸைன் நிலத்தின் சிக்கலையும் இங்கிருந்தே எடுத்துச் சென்றனர்; போன இடத்தில் கேட்டு வாங்கவில்லை என்பதை மட்டும் எடுத்துக் கூறினோம்.

பத்து நாட்களுக்குப் பின் அவன் தனியே வந்தான். கையில் ஒரு பை. உள்ளே தந்தையின் பழைய நாள்வழிகளும் பேரேடுகளும். மூட்டை விலை, எடைக்கழிவு, தரகு, உழவருக்குக் கொடுத்த முன்பணம், மழை பொய்த்த ஆண்டுகளில் திரும்பி வராத தொகை என்று இருபது ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. சில பக்கங்களில் தந்தையின் கையெழுத்து அவனுக்குப் புரியவில்லை. மணிலாக்கொட்டையின் பழைய அளவுகளையும் சுருக்கக் குறிகளையும் படித்துக் காட்டச் சொன்னான். திண்ணையில் மஃரிப் வரை அமர்ந்து படித்தோம். அவன் தன் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டான்.

காணி இரண்டில் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறார்கள். மற்றொன்றில் இந்தப் பட்டத்துக்கு மணிலா போட்டிருக்கிறது.